யார் வாயில் எந்தச் சொல்: மாப்பசானின் ‘லா பாரூர்’ கதையில் வர்க்கம்



கீ த மாப்பசான் எழுதிய ‘லா பாரூர்’ கதையை உங்களில் பலர் ‘நெக்லஸ்’ என்ற பெயரில் ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படித்திருப்பீர்கள். இரவல் வாங்கிய வைர மாலையைத் தொலைத்துவிட்டு, கடன்பட்டு வேறொன்று வாங்கிக் கொடுத்து, பத்தாண்டு உழைத்துக் கடனை அடைத்த பிறகு, தொலைந்துபோனது போலி என்று தெரியவருகிற கதை. பேராசை பிடித்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை என்றே வகுப்பறைகளில் இது சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்வது அந்தப் பெண்ணுக்கும் கதைக்கும் செய்கிற அநியாயம் என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொண்டிருப்பது கதையின் சம்பவங்களை அல்ல, சொற்களை. குறிப்பாக, கடைசிக் காட்சியில் வருகிற ஒரு சொல்லை.

காட்சியை நினைவுபடுத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுதும் உழைத்த களைப்பு ஆற, ஷான்ஸ் எலிசே வீதியில் உலாவ வந்திருக்கிறாள் மத்தில்த் லுவாசெல். குழந்தையோடு எதிரே வருகிற ஒரு பெண்மணியைப் பார்க்கிறாள். இன்னமும் இளமையாக, அழகாக இருக்கிற மதாம் ஃபொரெஸ்தியே. மாலையை இரவல் கொடுத்த பள்ளித் தோழி. மத்தில்த் அருகில் போய் அவளைப் பெயர் சொல்லி, ‘ழான்’ என்று அழைக்கிறாள். ழானுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த ‘பூர்ழுவாஸ்’ தன்னை இவ்வளவு உரிமையோடு கூப்பிடுகிறாளே என்று வியக்கிறாள்.

‘பூர்ழுவாஸ்’ என்பது ‘பூர்ஷ்வா’வின் பெண்பால். தமிழில் நமக்கு அந்தச் சொல் இடதுசாரிப் பிரசுரங்கள் வழியாக வந்தது. முதலாளி வர்க்கம், உழைப்பைச் சுரண்டி வாழ்பவன் என்றே நம் காதில் விழுகிறது. ஆனால் இங்கே பூர்ழுவாஸ் என்று சொல்லப்படுபவள் யார்? மேல்மாடிக் கூரையறையில் குடியிருந்தவள். மாடி மாடியாக நின்று மூச்சு வாங்கித் தண்ணீர் சுமந்தவள். பாத்திரம் தேய்த்து நகம் தேய்ந்தவள். கூடையை மாட்டிக்கொண்டு கறிக்கடையிலும் மளிகைக்கடையிலும் பேரம் பேசி வசவு வாங்கியவள். ஒரு பக்கத்துக்கு முன்னால் கதைசொல்லியே அவள் உடையைப் பாமர மக்கள் வீட்டுப் பெண்ணின் உடை என்று சொல்லியிருக்கிறார். அப்படியிருக்க இது எப்படிப் பொருந்தும்? ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இந்த இடம் ‘சாதாரணப் பெண்’ என்பதுபோல மழுங்கிவிடுவதால், ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. பிரெஞ்சில் படிக்கிற தமிழ் மாணவர் இங்கே கட்டாயம் தடுக்கி நிற்பார். அப்படி நிற்பது நல்லது.

விடைக்கு வருமுன் கதை எங்கே அச்சானது என்பதைச் சொல்ல வேண்டும். 1884 பிப்ரவரி 17 அன்று ‘லெ கோலுவா’ என்ற பாரிஸ் நாளிதழில் வெளியானது. அது மேல்தட்டினரும் பழமை விரும்பிகளும் படித்த பத்திரிகை. மதாம் ஃபொரெஸ்தியே தன் வீட்டில் வாங்கக்கூடிய பத்திரிகை என்றே சொல்லலாம். எழுதியவருக்கோ மத்தில்தின் கணவன் உட்கார்ந்த நாற்காலி நன்றாகத் தெரியும். நார்மண்டியில் 1850இல் பிறந்த மாப்பசான், 1872 முதல் கடற்படை அமைச்சகத்திலும், பிறகு எழுத்தாளர் ஃப்ளொபேரின் முயற்சியால் கல்வி அமைச்சகத்திலும் எழுத்தராக இருந்தார். 1880இல் ‘பூல் த சுய்ஃப்’ கதை பெயர் வாங்கித் தந்த பிறகுதான் அந்த வேலையிலிருந்து விடுபட்டார். லுவாசெலை அதே கல்வி அமைச்சகத்தில் அவர் உட்கார வைத்தது தற்செயல் அல்ல. கீழே இருப்பவரின் சொற்கள், மேலே இருப்பவரின் சொற்கள் இரண்டுமே அவர் காதில் பதிந்திருந்தன.

கதை பிறப்பைப் பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. விதி செய்த பிழையால் எழுத்தர் குடும்பத்தில் பிறந்துவிட்ட அழகி என்று மத்தில்த் அறிமுகமாகிறாள். ‘ஆம்ப்ளுவாயே’, அதாவது அலுவலக ஊழியர், என்ற சொல் அன்றைய பாரிசில் ஒரு நடுவாந்தர இருப்பைக் குறித்தது. கைகளால் உழைக்காததால் அவர்கள் பாமர மக்களோடு சேர்த்தி இல்லை. சொத்தோ வாடகை வருமானமோ இல்லாததால் கௌரவமான பூர்ஷ்வாக்களோடும் சேர்த்தி இல்லை. கறுப்புக் கோட்டு மட்டும் உண்டு. வரதட்சிணை இல்லாத பெண்ணைக் கல்வி அமைச்சகத்துச் சின்ன குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அடுத்து ஒரு விசித்திரமான சொல் வருகிறது. அவள் ஒரு ‘தெக்லாசே’ போலத் துயரப்பட்டாள் என்கிறது கதை. தன் வர்க்கத்திலிருந்து கீழே விழுந்தவளுக்குத்தான் அந்தப் பெயர் உரியது. நொடித்துப்போன பிரபுவின் மகளைச் சொல்லலாம். மத்தில்த் எங்கிருந்தும் விழவில்லை, பிறந்த இடத்தில்தான் இருக்கிறாள். ஆகவே இது அவள் நிலையைச் சொல்லும் சொல் அல்ல. தன்னைப் பற்றி அவள் மனசுக்குள் வைத்திருக்கிற சொல்.

உடனே, அதே வாக்கியத்தில் ‘காஸ்ட்’ வருகிறது. பெண்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அழகும் நளினமுமே அவர்களுக்குக் குலமும் குடும்பமுமாக நிற்கின்றன என்பது அங்கே சொல்லப்படுகிற கருத்து. இந்தச் சொல் நம்மோடு தொடர்புடையது. போர்த்துகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இந்தியச் சமூகத்தைப் பார்த்து ‘காஸ்தா’ என்று குறித்தது, ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் வெளியார் நுழைய முடியாத எந்த மேல்வட்டத்துக்கும் பெயராகிவிட்டது. நம் நாட்டைப் பார்த்து வைத்த பெயரை, 1789 ஆகஸ்டு 4 இரவிலேயே பிரபுக்களின் சலுகைகளைச் சட்டப்படி ஒழித்துவிட்ட ஒரு சமூகம் தன்னைச் சொல்லிக்கொள்ளப் பயன்படுத்தியது. சலுகைகளைச் சட்டம் எடுத்துவிட்டது, சொற்களைச் சட்டத்தால் எடுக்க முடியவில்லை. ஆனால் நம் சாதியின் முழுக் கனத்தையும் அந்த வாக்கியத்தில் ஏற்றிவிடக் கூடாது. பணக்காரத் திருமணம் ஒன்று நடந்திருந்தால் எழுத்தர் மகள் அங்கே மேலே ஏறியிருக்க முடியும். பெண்ணுக்கு அழகே குலம் என்பது மாப்பசானின் கருத்தா, மத்தில்தின் கருத்தா என்று கேட்டால், மத்தில்தின் நம்பிக்கையைக் கதைசொல்லி தன் குரலில் சொல்கிறார் என்றே நான் படிக்கிறேன். அடுத்த பத்தாண்டு வாழ்க்கை அந்த நம்பிக்கையைத்தான் சோதிக்கிறது. அழகு போனதும் குலமும் போகிறது.

வீட்டுக்குள் வருவோம். வீட்டு வேலை செய்ய ஒரு பிரெத்தோன் சிறுமி இருக்கிறாள். 1865இல் பிரெஸ்த் வரை ரயில் போனதும், பிரித்தானி வட்டாரத்திலிருந்து ஏழைப் பெண்கள் வீட்டு வேலைக்காகக் கூட்டம் கூட்டமாகப் பாரிசுக்கு வந்தார்கள். ‘பிரெத்தோன்’ என்று ஊரைச் சொன்னாலே வேலைக்காரி என்று புரிந்துகொள்ளும் நிலை வந்தது. பின்னாளில், 1905இல், பெக்காசின் என்ற பிரெத்தோன் பணிப்பெண்ணைக் கேலிச் சித்திரக் கதையின் நாயகியாக ஆக்கும் அளவுக்கு அது ஊன்றிவிட்டது. அந்தச் சிறுமியைப் பார்க்கும்போதெல்லாம் மத்தில்துக்கு ஏக்கம் பொங்குகிறது. அரைக்காற்சட்டை போட்ட இரண்டு உயரமான பணியாட்களைக் கனவு காண்கிறாள். கடன் வந்ததும் முதலில் அனுப்பப்படுபவள் அந்தச் சிறுமி. அந்த இடத்தில் அவள் ஊர்ப்பெயர் வருவதில்லை, வெறும் ‘வேலைக்காரி’. பெயர் எங்குமே வரவில்லை. மத்தில்த் ழானின் கண்ணில் என்னவாகப் போகிறாளோ, அதை முன்பே அவள் வீட்டில் ஒருத்தி அனுபவித்திருக்கிறாள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

சாப்பாட்டு மேசையும் அப்படித்தான். மூன்று நாளாக மாற்றாத மேசைவிரிப்பு. கணவன் சூப்புக் கிண்ணத்தைத் திறந்து, ‘பொத்தோஃபே’யைப் பார்த்து, இதைவிட உயர்ந்த பண்டம் உண்டா என்று மகிழ்கிறான். மாட்டிறைச்சியையும் காய்கிழங்கையும் ஒரே பானையில் நெடுநேரம் வேகவைக்கிற உணவு. சிக்கனமான, நிறைவான குடும்பத்தின் அடையாளம். அவன் வாயில் அது வீட்டின் நிம்மதி. அவள் காதில் அது சிறை. காட்டுக்கோழியின் இறக்கையும் மீனின் இளஞ்சிவப்புச் சதையும் அவள் கனவில் வருகின்றன. கணவன் கெட்டவன் அல்ல. நான்தேர் பக்கம் வானம்பாடி சுடப் போவதற்குத் துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்கை அப்படியே அவள் உடைக்குக் கொடுப்பவன். ஒரே பானையைப் பார்த்து இருவரும் இரண்டு வர்க்கங்களைக் காண்கிறார்கள், அவ்வளவுதான்.

அழைப்பிதழ் வருகிறது. அமைச்சர் ழோர்ழ் ரம்பொன்னோவின் விருந்து. 18ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு வெளியே மலிவு மதுக்கடை நடத்திப் பேர்பெற்றவர் ஒரு ரம்பொன்னோ. அமைச்சருக்கு அந்தப் பெயரைச் சூட்டியது அன்றைய பாரிஸ் வாசகரின் காதில் கட்டாயம் ஒலித்திருக்கும். 1881, 1882 ஆண்டுகளில் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்விக்குச் சட்டம் கண்ட அமைச்சகம் இது. ஆனால் தன் சொந்த எழுத்தர்களுக்கு மட்டும் அது அழைப்பை அளந்தே கொடுக்கிறது. அந்த ஒன்றைப் பெறப் பட்ட பாட்டைக் கணவன் சொல்லி, அதிகார ‘மோந்த்’ முழுவதையும் அங்கே பார்க்கலாம் என்கிறான். மோந்த் என்றால் உலகம். ஆனால் பாரிசின் பேச்சில் அது சில நூறு குடும்பங்களைக் குறிக்கும். நமக்கு இது புதிதல்ல. நம் பழைய உரையாசிரியர்களும் ‘உலகம்’ என்பதற்கு உயர்ந்தோர் என்றே பொருள் சொன்னார்கள். உலகத்துக்குள் இல்லாதவளாகத் தன்னைக் கருதுகிற ஒருத்திக்கு, ஓர் இரவு உலகத்துக்குள் போக அழைப்பு வந்திருக்கிறது.

அங்கே அவள் வெற்றி பெறுகிறாள். எல்லா ஆண்களும் அவள் பெயரைக் கேட்கிறார்கள், அமைச்சரே கவனிக்கிறார். அழகே குலம் என்பது அந்த ஓர் இரவுக்கு மெய்யாகிவிடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் கணவன் அவள் தோளில் அன்றாட மேலங்கியைப் போர்த்தும் வரை. மற்றப் பெண்கள் விலையுயர்ந்த உரோமத் துகிலில் நுழைந்துகொண்டிருக்க, அந்த எளிய அங்கியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவள் ஓடுகிறாள். வண்டிக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடிய அந்த அவசரத்துக்குப் பிறகுதான், வீட்டுக் கண்ணாடி முன் நிற்கையில் கழுத்தில் மாலை இல்லை என்று தெரிகிறது.

பணத்துக்கான சொற்களைப் பாருங்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அதுதான். மாலைக்கு ஈடானது பாலே ருவாயால் கடையில் 40,000 பிராங்க், பேசி 36,000. கணவனின் தந்தை விட்டுப்போனது 18,000. மீதியைக் கடன் வாங்குகிறார்கள். ஒருவரிடம் ஆயிரம், இன்னொருவரிடம் ஐந்நூறு, அங்கே ஐந்து லூயி, இங்கே மூன்று லூயி. லூயி என்பது 20 பிராங்க் பொற்காசு. அரசர் பெயர் கொண்ட காசு, கனவான்கள் சூதாட்ட மேசையிலும் பந்தயத்திலும் சொல்கிற கணக்கு. கடன் கேட்கும்போதுகூட அவர்கள் வாயில் லூயிதான் வருகிறது. கூரையறைக்குப் போன பிறகு அந்தச் சொல் கதையில் இல்லை. அவள் தன் பணத்தைக் காப்பது ‘சூ’ கணக்கில். ஒரு பிராங்குக்கு 20 சூ. கடைத்தெருவில் ஏழைகள் பேரம் பேசும் நாணயம் அது. கணவன் மாலையில் ஒரு வணிகரின் கணக்கைச் சரிசெய்கிறான். இரவில் பக்கத்துக்கு 5 சூ கூலிக்கு எழுத்துப் படி எடுக்கிறான். நான்கு பக்கம் எழுதினால் ஒரு பிராங்க். வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 18,000 பிராங்குக்கு 72,000 பக்கங்கள். வட்டிக்கு வட்டி உண்டு என்று கதை சொல்கிறது. லூயி, பிராங்க், சூ என்று மூன்று சொற்களில் ஒரு குடும்பம் மாடி ஏறி வறுமைக்குள் போய்விடுகிறது.

இனி அந்த ‘பூர்ழுவாஸ்’. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நிலையான உயரம் கிடையாது. தொடக்கத்தில் நகரத்தில் குடியுரிமை பெற்றவன் என்று பொருள். 1670இல் மொலியேர் தன் நாடகத் தலைப்பில் அதைப் பிரபு ஆகத் துடிக்கும் துணி வணிகர் மகனுக்குச் சூட்டினார். அரண்மனையின் காதில் அது அந்தஸ்தில்லாதவன். ஃப்ளொபேர் போன்ற கலைஞர்களின் வாயில், உயர்ந்தது எதையும் உணராத மனசுக்குப் பெயர். மார்க்சின் எழுத்தில் உற்பத்திச் சாதனங்களின் உடைமையாளன். கூலித் தொழிலாளி தனக்கு வேலை கொடுப்பவரை பூர்ஷ்வா என்பான். அவனே வீட்டுக்காரியை ‘என் பூர்ழுவாஸ்’ என்றும் சொல்வான். மேலே இருப்பவர் சொன்னால் கீழே என்று பொருள், கீழே இருப்பவர் சொன்னால் மேலே என்று பொருள். சொல்லப்படுபவரின் சொத்தை அது அளப்பதில்லை. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த வாக்கியத்தில் நாம் மத்தில்தை ழானின் கண்ணால் பார்க்கிறோம். வாக்கியம் கதைசொல்லியின் வாக்கியம்போல இருந்தாலும் வியப்பு ழானுடையது, ஆகவே சொல்லும் அவளுடையது. சிலர், ஞாயிற்றுக்கிழமை என்பதால் மத்தில்த் நல்ல உடை உடுத்தியிருப்பாள், அதனால் பூர்ஷ்வா வீட்டுப் பெண்ணாகத் தெரிந்திருப்பாள் என்று விளக்கலாம். அது தேவையில்லை என்று நினைக்கிறேன். சிவந்த கை, கோணிய பாவாடை, வாராத தலை, உரத்த குரல் என்று அவளைக் கதை ஏற்கெனவே காட்டிவிட்டது. கூரையறையில் இருப்பவளா, கடைக்காரர் மனைவியா என்று பிரித்துப் பார்க்கும் அக்கறை ழானுக்கு இல்லை. தன் வட்டத்தில் இல்லாத, தன்னைப் பெயர் சொல்லி அழைக்க உரிமையில்லாத ஒருத்தி. அவ்வளவு போதும் அவளுக்கு.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ழான் யார்? பெயரில் பிரபுக்களின் ‘த’ இல்லை. எழுத்தர் மகளோடு ஒரே கன்னிமாடப் பள்ளியில் படித்தவள். பொருளியல் அறிஞர் எவரைக் கேட்டாலும் அவளைத்தான் பூர்ழுவாஸ் என்பார். கண்ணாடி பதித்த அலமாரியிலிருந்து எடுத்த அவள் நகைப்பெட்டியில் வெனிசிய வேலைப்பாட்டுச் சிலுவையும் முத்துமாலையும் இருந்தன. கூடவே கறுப்பு சாட்டின் பெட்டிக்குள் போலி வைரமும் இருந்தது. அவளுடைய உயரமும் ஓரளவுக்குக் கண்ணாடிக் கல்லால் தாங்கப்பட்டதுதான். அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். அசலோடு போலியையும் கலந்து அணியும் பழக்கம் அவளுக்கு இயல்பு. அதைத் தோழியிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவளோ, கறுப்பு சாட்டினில் மின்னினால் வைரம் என்றே கொண்டாள். பெட்டியில் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்காரர், பெட்டிதான் தன்னுடையது, மாலையைத் தான் விற்கவில்லை என்று பேரேட்டைப் பார்த்துச் சொன்னபோதும் கணவனுக்கும் மனைவிக்கும் சந்தேகம் தட்டவில்லை. (ஓராண்டுக்கு முன், 1883இல், ‘லே பிழூ’ என்ற கதையில் மாப்பசான் இதைத் தலைகீழாக எழுதியிருந்தார். அங்கே போலி என்று கணவன் நினைத்தவை அசலாக முடிகின்றன.)

மத்தில்த் அழைத்ததில் ழானை உறுத்தியது பெயர் மட்டுமா? நமக்கு நீ, நீங்கள் என்று இருப்பதுபோலப் பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’ உண்டு. கன்னிமாடத் தோழிகள் ஆதலால் இருவரும் ‘நீ’ என்றே பேசியவர்கள். நகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் நீ. மாலை தாமதமாகத் திரும்பியபோது, முன்பே தந்திருக்கலாமே என்று கோபித்துக்கொண்டபோதும் நீ. ஷான்ஸ் எலிசேயில் மட்டும், அடையாளம் தெரியாத அந்த ஒரு கணத்தில், ழான் தயங்கித் தயங்கி ‘மதாம்’ என்றும் ‘நீங்கள்’ என்றும் சொல்கிறாள். ஆள் தவறிவிட்டது என்கிறாள். மரியாதைச் சொல்தான். ஆனால் பத்தாண்டு வறுமை முழுவதையும்விடக் கூர்மையாக மத்தில்தை வெளியே நிறுத்துவது அந்த மரியாதைதான். இந்தக் கதையைத் தமிழாக்குகிறவர்கள் கடைசிக் காட்சி முழுவதையும் ஒரே ‘நீ’யிலோ ஒரே ‘நீங்க’ளிலோ கொண்டுபோனால், அந்தக் காட்சியின் பாதி போய்விடும். ‘பூர்ழுவாஸ்’ஐயும் பூர்ஷ்வா என்று போடக் கூடாது என்பது என் எண்ணம். ‘யாரோ ஒரு அம்மாள்’ என்றால் போதும். அந்த ‘யாரோ’வில் தேவையான தூரம் வந்துவிடும்.

பெயரைச் சொன்னதும் ழான் கூவிவிடுகிறாள். ‘நீங்கள்’ மறைந்து ‘நீ’ திரும்புகிறது. கூடவே ‘போவ்ர்’ என்ற சொல். பிரெஞ்சில் அந்த அடைமொழி பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்றால் பணமில்லாத ஏழை, முன்னால் நின்றால் பாவம் என்ற இரக்கம். ழான் முன்னால் வைக்கிறாள், என் பாவப்பட்ட மத்தில்த் என்று. இரண்டு முறை சொல்கிறாள். இரண்டாவது முறை, மனம் கலங்கி அவள் இரு கைகளையும் பற்றிக்கொண்டு. வறுமையைப் பார்த்து விலகிப்போகிறவள் அப்படிச் செய்ய மாட்டாள். அதிகபட்சம் 500 பிராங்கே பெறும் போலி மாலை என்ற உண்மையை அதே மூச்சில் சொல்லிவிடுகிறாள். மறைக்க அவளிடம் எதுவும் இல்லை.

அப்படியானால், தொலைந்த வாரத்திலேயே மத்தில்த் ஏன் அவளிடம் போகவில்லை? கொக்கி உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறது என்று கணவன் சொல்லச் சொல்ல ஏன் கடிதம் எழுதினாள்? மாற்று மாலையைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியில் அதற்குக் காரணம் இருக்கிறது. தோழி பெட்டியைத் திறந்து மாறுதலைக் கண்டுபிடித்துவிட்டால் தன்னை என்ன நினைப்பாள் என்று நடுங்குகிறாள். அப்போது அவள் மனசில் வருவது ‘திருடி’ என்ற சொல். பணக்காரத் தோழி ஒருத்தி இன்னொருத்தியின் நகையைத் தொலைத்திருந்தால் கவனக்குறைவு என்பார்கள், வருத்தம் தெரிவித்து விலையைக் கேட்பார்கள். எழுத்தர் மனைவி தொலைத்தால் அதற்கு வேறு பெயர் விழும் என்று அவள் அஞ்சினாள். ழான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். ஆனால் தன்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு எளிதாக விழும் என்று மத்தில்த் பிறந்ததிலிருந்து அறிந்திருந்தாள். அது பேராசை அல்ல. அந்தச் சொல் தன்மேல் விழாதிருக்கவே அவளும் கணவனும் 36,000 பிராங்க் கொடுத்தார்கள்.